பசை கேட்கும் முன் அது என்ன பிளாஸ்டிக் என்று பாருங்கள்

பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இதழின் சிறுவர் பக்கத்தில், மேசையில் வைத்து விளையாடும் பிளாஸ்டிக் மினியேச்சர் உருவங்களைப் பொருத்துவது பற்றி ஒரு சின்னக் குறிப்பு வந்திருந்தது. தமிழ்ப் பத்திரிகை ஒன்று இதைப் பற்றி எழுதியதே எனக்குப் பெரிய சந்தோஷம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் "எந்தப் பிளாஸ்டிக்காக இருந்தாலும் சுப்பர் குளூ போதும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே, அதைத் திருத்தத்தான் இந்தக் கடிதம். அந்த வரியை வெட்டி வைத்துக்கொண்டு பிள்ளைகள் கடைக்குப் போகிறார்கள். கடைக்காரரும் அதையேதான் சொல்கிறார்.

நான் ஹட்டன் பக்கம் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். சனிக்கிழமை பின்னேரங்களில் சில பிள்ளைகள் ஒன்றுகூடி இந்த விளையாட்டை விளையாடுகிறார்கள், நானும் கூட இருப்பேன். தாயக்கட்டை உருட்டி, டேப் பிடித்து அங்குலம் அளந்து, சின்னச் சின்னப் படைகளை நகர்த்தி விளையாடுவது. லண்டனிலோ டொரொன்டோவிலோ இருக்கிற மாமா, சித்தப்பா யாராவது ஊருக்கு வரும்போது கொண்டுவந்து கொடுத்த பெட்டிகள்தான் பெரும்பாலும். ஒரு பெட்டியின் விலையைக் கேட்டால், தோட்டத்தில் ஒரு அம்மா பல நாள் கொழுந்து பறித்து வாங்கும் சம்பளம் அது. அப்படி வந்த ஒன்றைப் பிழையான பசை போட்டு நாசமாக்கிவிட்டுப் பிள்ளை முகம் வாடி நிற்பதைப் பார்க்க முடியாது, ஐயா.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பெட்டியைத் திறந்தால் கை, கால், தலை, துப்பாக்கி எல்லாம் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தோடு ஒட்டியபடி இருக்கும், கத்தரித்து எடுக்க வேண்டும். இப்படிச் சட்டத்தோடு வரும் உருவங்கள் பெரும்பாலும் பொலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக். இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் இருக்கிற கேம்ஸ் வேர்க்‌ஷொப், 1987 இல் வோர்ஹாமர் 40,000 விளையாட்டை வெளியிட்ட கம்பனி, இன்று விற்கும் பிளாஸ்டிக் பெட்டிகளும் இதுதான். எயார்ஃபிக்ஸ் கம்பனியின் மொடல் விமானங்கள், டமியா கம்பனியின் மொடல் டாங்கிகள் இவையும் அப்படித்தான். இதற்கென்றே பிளாஸ்டிக் சிமெந்து என்ற ஒன்று இருக்கிறது. அதைப் பசை என்று சொன்னாலும் அது பசை செய்கிற வேலையைச் செய்வதில்லை. அதில் இருப்பது கரைப்பான். இரண்டு பக்கத்துப் பிளாஸ்டிக்கையும் மேலோட்டமாகக் கரைக்கும், கரைந்த இரண்டும் ஒன்றோடொன்று கலக்கும், அப்புறம் கரைப்பான் ஆவியாகிப் போய்விடும். மிச்சம் இருப்பது பிளாஸ்டிக் மட்டும்தான், நடுவில் வேறெந்தப் பொருளும் இல்லை. வெல்டிங் பட்டறையில் இரண்டு இரும்பை உருக்கி ஒன்றாக்குகிற மாதிரி.

சுப்பர் குளூ அப்படியில்லை. அது சயனோஅக்ரிலேட். காற்றிலும் பொருளின் மேற்பரப்பிலும் இருக்கிற ஈரம் பட்டவுடன் இறுகி, இரண்டு பக்கத்துக்கும் நடுவில் கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய தகடாக நிற்கும். நேராக இழுத்தால் நன்றாகத் தாங்கும். பக்கவாட்டில் தட்டினாலோ கீழே விழுந்தாலோ 'டக்' என்று விட்டுவிடும், ஏனென்றால் அது வளைந்து கொடுக்காது. விளையாடுகிற உருவம் மேசையிலிருந்து விழாமல் இருக்குமா? சிமெந்துத் தரையில் விழுந்த உருவத்தைப் பாருங்கள்: சுப்பர் குளூ போட்டது ஒட்டிய இடத்திலேயே சுத்தமாகக் கழன்றிருக்கும், பிளாஸ்டிக் சிமெந்து போட்டு நன்றாகக் காய்ந்தது உடைந்தாலும் பெரும்பாலும் வேறெங்காவது மெல்லிய இடத்தில், ஈட்டி நுனியிலோ வாள் முனையிலோ உடைந்திருக்கும்.

இதனால் சுப்பர் குளூ கூடாது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது தேவைப்படும் இடம் நிறைய இருக்கிறது. ரெசின் உருவங்கள், ஈய, வெள்ளீயக் கலவை உலோக உருவங்கள், போர்ட் கேம் பெட்டிகளில் ஒட்டத் தேவையில்லாமல் முழுதாக வரும் வளைகிற பி.வி.சி. உருவங்கள், இப்போது கொழும்பில் சில பேர் முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் எடுத்துத் தருகிறார்களே அந்த ரெசின் உருவங்கள், இவை எதிலுமே பிளாஸ்டிக் சிமெந்து வேலை செய்யாது. தடவினால் ஈரமாக இருக்கும், காயும், கையோடு கழன்று வரும். ஏனென்றால் அதில் இருக்கும் கரைப்பான் இவற்றைத் தேவையான அளவு கரைப்பதில்லை. இவற்றுக்குச் சுப்பர் குளூதான் சரி. கனமான உலோக உருவமாக இருந்தால் இரண்டு டியூப் கலந்து போடும் எபொக்சி, அதாவது அரல்டைட் வகை, இன்னும் நல்லது. ரெசின் உருவங்களை ஒட்டுவதற்கு முன் சவர்க்காரத் தண்ணீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவிக் காயவைக்க வேண்டும், அச்சிலிருந்து சுலபமாகக் கழலுவதற்காகப் பூசிய எண்ணெய்ப் பசை அதில் ஒட்டியிருக்கும், அதன் மேல் எந்தக் கம்மும் பிடிக்காது.

ஆகவே கடைக்குப் போய் "நல்ல கம் ஒன்று தாங்க" என்று கேட்பதற்கு முன் கையில் இருப்பது என்ன பிளாஸ்டிக் என்று தெரிய வேண்டும். பெட்டியில் சில வேளை போட்டிருக்கும். போடாவிட்டால் பாடசாலை ஆய்வுகூடம் எல்லாம் வேண்டாம், ஒரு கிளாஸ் தண்ணீர் போதும். உருவத்தைப் போடாதீர்கள், சட்டத்திலிருந்து ஒரு துண்டு வெட்டி, காற்றுக் குமிழி ஒட்டாமல் விரலால் அமுக்கிவிட்டுப் போடுங்கள். மிதந்தால் அது பொலிஎதிலீன் அல்லது பொலிப்ரொப்பிலீன், பழைய காலத்து மெழுகு மாதிரி வழுக்கும் மென்மையான 1/72 அளவுச் சிப்பாய்கள் (உண்மை ஆளில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு) அப்படிப்பட்டவை, அவற்றில் சாதாரணமாகக் கிடைக்கும் எந்தப் பசையும் உருப்படியாகப் பிடிக்காது. மூழ்கினால், கிளாஸில் உப்பை அள்ளிப் போட்டு, கரையும் மட்டும் கலக்குங்கள். உப்புத் தண்ணீரில் அதே துண்டு மேலே வந்தால் பொலிஸ்டைரீனாக இருக்க நல்ல வாய்ப்பு, அதன் அடர்த்தி தண்ணீரை விடக் கொஞ்சம்தான் கூட, தண்ணீர் 1 என்றால் அது சுமார் 1.05. பி.வி.சி. அதை விடக் கனம், பெரும்பாலும் உப்புத் தண்ணீரிலும் அடியிலேயே கிடக்கும். சில ரெசின்களும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கும் பொலிஸ்டைரீனுக்குக் கிட்டத்தட்ட வரும் என்பதால் கடைசியாக இன்னொன்றும் செய்யுங்கள்: சட்டத்தின் மேல் ஒரு துளி பிளாஸ்டிக் சிமெந்தை வைத்து, கொஞ்ச நேரம் விட்டு, தீக்குச்சியால் தொட்டுப் பாருங்கள். மேற்பரப்பு இளகிக் குச்சியில் ஒட்டினால் அதற்கு இந்தச் சிமெந்து பொருந்தும். ஒன்றுமே ஆகாமல் வழுவழுவென்று இருந்தால் சுப்பர் குளூவை எடுங்கள்.

சிமெந்திலும் இரண்டு வகை இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. ஒன்று கெட்டியானது, டியூபிலோ ஊசி மூக்குப் போத்தலிலோ வரும். ரெவெல் கம்பனியின் கொன்டாக்டா அப்படி, கேம்ஸ் வேர்க்‌ஷொப்பின் சொந்தப் போத்தலும் அப்படித்தான். ஒரு பக்கத்தில் மெல்லிசாகத் தடவி மற்றதை வைத்து அமுக்க வேண்டும். இன்னொன்று தண்ணீர் மாதிரி இருக்கும், மூடியில் சின்னத் தூரிகை இருக்கும், டமியாவின் பச்சை மூடிப் போத்தல்தான் அதில் எல்லோருக்கும் தெரிந்தது, அதில் இருப்பது அசிற்றோனும் பியூட்டைல் அசிற்றேற்றும். இதைப் பாவிக்கும் முறையே வேறு. ஒரு சிப்பாயின் தோளையும் கையையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் எதுவும் தடவாமல் இரண்டையும் பொருத்திப் பிடியுங்கள். தூரிகையைப் போத்தல் வாயில் நன்றாக வடித்துவிட்டு, இணைகிற கோட்டின் ஓரத்தில் நுனியை மட்டும் தொடுங்கள். திரவம் தானாகவே அந்தக் கோட்டுக்குள் ஓடிப் புகுந்துவிடும், கண்ணுக்கு முன்னாலேயே கோடு கறுத்து ஈரமாவது தெரியும். மெல்ல அமுக்கினால் உருகிய பிளாஸ்டிக் ஒரு மயிரிழை போல வெளியே பிதுங்கும். அதைத் துடைக்கவே கூடாது, துடைத்தால் இழுபட்டுத் தோள் முழுக்கத் தழும்பாகிவிடும். அப்படியே விட்டு, மறுநாள் கத்தியால் சுரண்டினால் இணைத்த இடமே தெரியாது. விரல் அந்தக் கோட்டின் மேல் இருக்கக் கூடாது, விரலுக்கு அடியிலும் அது ஓடும், எடுத்துப் பார்த்தால் உங்கள் ரேகை சிப்பாயின் நெஞ்சில் பதிந்திருக்கும்.

பெயின்ட் அடித்த இடத்தில் இது பிடிக்காது, பெயின்டைத்தான் கரைக்கும். பிளாஸ்டிக் தெரியும் வரை சுரண்டிவிட்டு ஒட்டுங்கள். இடைவெளி விழுந்தால் வெட்டிய சட்டத் துண்டுகளைப் பொடியாக நறுக்கி, பாதி தீர்ந்த சிமெந்துப் போத்தலில் போட்டு ஒரு இரவு விட்டால் கூழாகிவிடும், அதே பிளாஸ்டிக், அதே நிறம், அதை வைத்தே அடைக்கலாம். குப்பையில் போகிறதை வைத்து ஆகிற காரியம் என்பதால் பிள்ளைகளுக்கு இதில் தனிச் சந்தோஷம்.

இதுவரை சொன்னதை உலகத்தில் எந்த ஊரில் இருக்கிறவரும் சொல்வார். நம் மலைநாட்டுக்கென்று சில விஷயங்கள் இருக்கின்றன, அவற்றை எந்த வீடியோவிலும் காட்டுவதில்லை. முதலாவது பனியும் ஈரமும். மழைக்காலத்தில் ஹட்டனிலும் தலவாக்கலையிலும் உடுப்புக் காய வாரமாகிறது, அந்தக் காற்றில்தான் சுப்பர் குளூவைத் திறக்கிறோம். ஈரம் பட்டால் இறுகுகிற பொருள் அது, ஆகவே இங்கே வேகமாக இறுகும், சரிப்படுத்த நேரம் கொடுக்காது. திறந்த டியூப் சீக்கிரமே கல்லாகிவிடும். இன்னொன்று, ஈரமான அசையாத காற்றில் அதன் ஆவி உருவத்தின் மேலேயே படிந்து வெள்ளையாகப் பூத்துப்போகும். கறுப்புக் கவசத்தில் சாம்பல் தூவிய மாதிரி தெரியும், ஒளி ஊடுபுகும் கண்ணாடித் துண்டாக இருந்தால் அது பாழ்தான். கண்ணாடித் துண்டுகளுக்குத் தச்சுவேலைக்காரர் பாவிக்கும் வெள்ளைப் பைண்டர் கம் போடுங்கள், காய்ந்தால் நிறமற்றுப் போகும். மிச்சச் சுப்பர் குளூவை மூடி இறுக்கி, சப்பாத்துப் பெட்டிகளில் வருமே சிலிக்கா ஜெல் பக்கெட், அதோடு ஒரு மூடி இறுகிய போத்தலுக்குள் வைத்து, சாப்பாட்டுச் சாமான்களுக்குத் தள்ளி, சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஃப்ரிஜ்ஜில் வைத்தால் வெளியே எடுத்த உடனே திறக்க வேண்டாம், அறையின் சூடு வரட்டும், இல்லாவிட்டால் போத்தல் வாயில் வியர்த்த தண்ணீரே அதை இறுக வைத்துவிடும்.

பிளாஸ்டிக் சிமெந்துக்குப் பிரச்சினை ஈரத்தால் இல்லை, குளிரால்தான். கரைப்பான் ஆவியாகத்தானே அது இறுக வேண்டும், 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிற நுவரெலியாவில் ஜனவரி இரவில் அது கொழும்பில் போகிற வேகத்தில் போகாது. தொட்டால் காய்ந்த மாதிரித்தான் இருக்கும், உள்ளே இன்னும் மெத்தென்றிருக்கும். ஒரு முழு நாள் விட்டுவிடுங்கள். அவசரப்பட்டு அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் காயவைக்கிற பழக்கம் சில பிள்ளைகளிடம் இருக்கிறது. இதைத்தான் நான் பெரிய எழுத்தில் போடச் சொல்லிக் கேட்கிறேன், அதை ஒருபோதும் செய்யவே கூடாது.

தோட்டக் குடும்பங்கள் குடியிருக்கும் வரிசை வீட்டு அறை, அதாவது லயத்துக் காம்பரா, எவ்வளவு பெரிது என்று வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. குளிருக்குக் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி, ஒரு மூலையில் விறகடுப்பு எரிய, மற்ற மூலையில் பிள்ளை விளக்கடியில் குந்தியிருந்து சிப்பாயை ஒட்டுகிறது. அசிற்றோனின் தீப்பற்றும் வெப்பநிலை மைனஸ் 20 பாகை, அதாவது நம் ஊரின் எந்தக் குளிரிலும் அதன் ஆவி தீப்பிடிக்கத் தயாராகவே இருக்கும். பியூட்டைல் அசிற்றேற்றுக்கு அது ஏறத்தாழ 22 பாகை, அடுப்பு எரிகிற அறையில் அதுவும் வந்துவிடும். இந்த ஆவிகள் காற்றை விடக் கனமானவை, மேலே போகாமல் தரையோடு தரையாக ஊர்ந்து அடுப்பு வாய்க்குப் போகும். ஒரு துளியால் வீடு எரியும் என்று பயமுறுத்தவில்லை, ஆனால் போத்தல் கவிழ்ந்தால்? அதோடு மூடிய அறையில் அந்த மணத்தைச் சுவாசித்துக்கொண்டே இருந்தால் தலைவலி வரும், தலைசுற்றும். பழ வாசனை மாதிரி இருக்கிறதென்று போத்தலை மூக்கருகில் கொண்டுபோகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், பெற்றோர் இதில் கண்ணாக இருக்க வேண்டும். இஸ்தோப்பில், அதாவது வீட்டு முன் திண்ணையில், உட்கார்ந்து பகல் வெளிச்சத்தில் ஒட்டச் சொல்லுங்கள். வீட்டுக்குள்தான் முடியுமென்றால் அடுப்பு அணைந்த பிறகு, ஜன்னலைத் திறந்துவைத்து. லிமொனீன் என்கிற, தோடம்பழத் தோல் எண்ணெயில் இருக்கிற கரைப்பானில் செய்த சிமெந்தும் உண்டு, மணம் கடுமையாக இருக்காது, மெதுவாக வேலை செய்யும், கிடைத்தால் சின்னப் பிள்ளைகளுக்கு அதையே கொடுங்கள். அதுவும் தீப்பற்றும் பொருள்தான்.

சுப்பர் குளூவிலும் ஒரு ஆபத்து இருக்கிறது, நம் குளிருக்கு அது முக்கியம். பருத்தியிலோ கம்பளியிலோ அது நிறையக் கொட்டினால் மிக வேகமாக இறுகும், இறுகும்போது வெளிவரும் சூடு தோலைச் சுட்டுவிடும். சுவெட்டரும் பருத்திக் கையுறையும் போட்டுக்கொண்டு வேலை செய்கிற ஊர் இது. சுவெட்டர் கையை முழங்கை வரை மடித்துவிட்டு உட்காருங்கள், கொட்டினதைப் பஞ்சால் ஒற்ற வேண்டாம். விரல் ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல் சவர்க்காரம் போட்ட இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்து மெல்ல உருட்டிக் கழற்றுங்கள். கண்ணில் பட்டால் தண்ணீரால் கழுவிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரி, வீட்டு வைத்தியம் வேண்டாம்.

பிளாஸ்டிக் சிமெந்து மலையகத்துக் கடைகளில் லேசில் கிடைப்பதில்லை, அதனால் பதிலுக்கு எதையெதையோ போட்டுப் பார்க்கிறார்கள். ஹாட்வெயார் கடையில் பி.வி.சி. குழாய் ஒட்டும் கம்மைக் கொடுத்துவிடுகிறார்கள். அது குழாய்க்கானது, அதில் இருக்கும் கரைப்பான்கள் பொலிஸ்டைரீனுக்கு மிதமிஞ்சின கடுமை, முகத்து மூக்கும் கண்ணும் கரைந்து சப்பையாகிவிடும். பெயின்ட் தின்னர் பொலிஸ்டைரீனைக் கரைக்கும் என்பது உண்மைதான், ஆனால் அந்தத் தகரத்துக்குள் என்னென்ன கலந்திருக்கிறதென்று வெளியே தெரியாது, டொலுயீன் என்கிற நச்சுக் கரைப்பான் இருக்கலாம், பிள்ளைகள் கையில் அதைக் கொடுக்க எனக்கு மனம் வராது. நகப்பூச்சு அழிக்கிற திரவத்தில் எண்ணெயும் வாசனையும் சேர்த்திருப்பார்கள், பிளாஸ்டிக்கைக் கலங்கடிக்கும், இறுக்கமாக ஒட்டாது. செருப்பு ஒட்டும் கம் நூல் நூலாக இழுபடும். வேறு வழியே இல்லை என்றால் சுப்பர் குளூவையே போடுங்கள், தின்னரை விட அது எவ்வளவோ மேல், கழன்றால் சுரண்டிவிட்டுத் திரும்ப ஒட்டலாம். கரைந்துபோன முகத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

வெளிநாட்டிலிருந்து பார்சலில் போட்டு அனுப்பச் சொல்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இது தீப்பற்றும் திரவம், சர்வதேசத் தபாலில் அனுப்ப அனுமதியில்லை, விமானத்தில் பயணப்பையில் வைத்துக் கொண்டுவரவும் கூடாது. உருவங்களை அனுப்பச் சொல்லுங்கள், சிமெந்தை இங்கேயே தேடுங்கள். கொழும்பில் மொடல் சாமான் விற்கிற கடைகளில் விசாரித்து, போகிற வருகிற யாரிடமாவது பஸ்ஸிலோ ரயிலிலோ பத்திரமாகக் கொண்டுவரச் சொல்லலாம். சின்னப் போத்தல்தான், அளவாகப் பாவித்தால் ஒரு கூட்டத்துக்கே நீண்ட காலம் வரும்.

அப்புறம், உருவங்களுக்கு மலை, மதில், இடிந்த கட்டடம் செய்ய எங்கள் பிள்ளைகள் ரெஜிஃபோம் பாவிக்கிறார்கள், 2017 இல் இலங்கையில் சாப்பாட்டுப் பெட்டியாக விற்கத் தடை வந்ததே, அதே சாமான். அதுவும் பொலிஸ்டைரீன்தான், நுரையாக்கியது, பெரும்பகுதி காற்று. பிளாஸ்டிக் சிமெந்து பட்டால் குழி விழுந்து ஒன்றுமில்லாமல் போய்விடும், சாதாரணச் சுப்பர் குளூவும் அரிக்கும், ஸ்ப்ரே பெயின்டும் அப்படியே. அதற்கு அந்த வெள்ளைப் பைண்டர் கம் மட்டும்தான். உருவங்களின் அடித்தட்டில் மணலும் சின்னக் கல்லும் ஒட்டவும் அதுவேதான், கொஞ்சம் தண்ணீர் கலந்து தடவி, மணலைத் தூவி, கவிழ்த்துத் தட்டிவிட்டால் சரி. தேயிலைத் தூளை உலர்த்தித் தூவிப் பார்த்தான் ஒரு பையன், காய்ந்த காட்டுத் தரை மாதிரி அவ்வளவு அழகாக வந்தது.

உங்களிடம் நான் கேட்பது இரண்டு. சிறுவர் பக்கத்தில் அந்தக் குறிப்புக்கு ஒரு திருத்தம் போடுங்கள்: சட்டத்தோடு வரும் பொலிஸ்டைரீனுக்குப் பிளாஸ்டிக் சிமெந்து, ரெசினுக்கும் உலோகத்துக்கும் பி.வி.சி.க்கும் சுப்பர் குளூ, ரெஜிஃபோமுக்கும் மணலுக்கும் பைண்டர் கம். அடுப்பு விஷயத்தைத் தயவுசெய்து விடாமல் சேருங்கள். அடுத்தது, ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, பதுளைப் பக்கத்தில் புத்தகக் கடையோ விளையாட்டுச் சாமான் கடையோ வைத்திருக்கிற வாசகர்கள் இருந்தால் பிளாஸ்டிக் சிமெந்தில் கொஞ்சம் எடுப்பித்து வையுங்கள், கேட்டு வருகிற பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
விஞ்ஞான ஆசிரியர் ஒருவர்,
ஹட்டன்.